வராமல் போன வலிப்பு

நான் உண்டாகி மூன்றாம் மாதம் முடிவதற்குள் பாலக்காட்டில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனும் பார்த்தார்கள். "பின்னால பிரஷர் ஏறி வலிப்பு வர வாய்ப்பு அதிகம்" என்றார் டாக்டர்.

"வருமா வராதா, ஒண்ணச் சொல்லுங்க டாக்டர்" என்றேன் எரிச்சலாக. அதை உறுதியாகச் சொல்ல முடியாதாம். தினமும் படுக்கும்போது ஒரு சின்ன மாத்திரை போடச் சொன்னார். என் அக்கா எட்டாம் மாதத்தில் அப்படி வலிப்பு வந்துதான் இறந்துபோனாள். அதனால் போட்டேன்.

வாளையாரில் வீட்டுக்கு வந்தால் மாமியார் விடவில்லை. "ஒடம்புல ஒரு நோவும் இல்லாம எதுக்குக் கண்ணு மாத்திரை?" தினமும் இதே கேள்வி. வருகிறவர்களிடமெல்லாம் வேறு, "வராத நோவுக்கு மருந்து திங்கறாளுங்க" என்று புலம்பல். ஒரு நாள் கடுப்பில் மாத்திரை அட்டையைச் சன்னல் வழியே வீசிவிட்டேன். பிறகு நானே போய் வாழைக்கன்றுகளுக்குள் குனிய முடியாமல் குனிந்து தேடி எடுத்து வந்தேன்.

பிரஷர் ஏறவே இல்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கிய மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "ஒண்ணுமே வரலையே கண்ணு. அத்தனை மாத்திரையும் வீண்."

மாத்திரையால்தான் வரவில்லையா, எப்படியும் வந்திருக்காதா, எனக்கும் தெரியாது. ஆனால் வீண் என்று அலுத்துக்கொள்ளக்கூட அக்கா வீட்டில் யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.