மோட்டார் தானாக நிற்கத் தொடங்கிய பிறகு

மாரிசெல்விக்குக் காது மந்தமானது தறிச் சத்தத்தில்தான். சின்ன வயதிலேயே விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போனவள். வேலையை விட்டு நின்றபோது, எதிரே நின்று உதட்டை அசைத்துப் பேசினால்தான் அவளுக்குப் புரியும் என்றாகிவிட்டது. கணவர் இல்லை. மகன் கோகுல் திருப்பூரில் வேலை பார்த்தான். சங்கரன்கோவில் வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

மோட்டாரைப் போட்டுவிட்டால், மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் கொட்டுவது அவளுக்குக் கேட்காது. அவள் பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு ஜெயசித்ராதான் வந்து தோளைத் தொடுவாள்.

"ஏட்டி மாரி, தொட்டி நெறைஞ்சு ஊத்துது."

சுவிட்சை அணைத்துவிட்டு இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஜெயசித்ரா முகத்தை நேராகக் காட்டி, ஊர்க்கதையெல்லாம் நிதானமாகச் சொல்லுவாள். மற்றவர்கள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமில்ல' என்று கையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த கோகுல், வழிந்த தண்ணீரில் ஜெயசித்ரா காயப்போட்டிருந்த வற்றல் நனைந்து கிடந்ததைப் பார்த்தான். அவனுக்குக் கூச்சமாகப் போயிற்று. மறுநாளே எலெக்ட்ரீஷியன் ஜெபசிங்கைக் கூட்டி வந்தான்.

"தொட்டிக்குள்ள கம்பி தொங்க விட்டிருக்கேன்க்கா. தண்ணி கொறைஞ்சா மோட்டார் தானா ஓடும். மேல் கம்பியத் தொட்டா தானா நின்னுரும். நீங்க சுவிட்சுப் பக்கமே போக வேண்டாம்" என்றார் ஜெபசிங்.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆனால் ஜெயசித்ரா வருவது நின்றுபோனது.

"இப்ப தொந்தரவு இல்லைல்லாம்மா?" என்று கோகுல் வீடியோ காலில் கேட்டான்.

"இல்ல மக்கா" என்றாள்.

பிறர் வீட்டுக்குப் போவதை அவள் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பாதிப் பேச்சு விளங்காமல், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்து அவமானப்பட்டிருக்கிறாள். ஆனாலும் ஒருநாள் காலையில் போய் ஜெயசித்ராவின் வாசலில் நின்றாள். ஏதாவது சாக்கு சொல்லலாம் என்று யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

ஜெயசித்ரா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன மாரி, மோட்டார் ரிப்பேரா?"

"அது நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் வரல, மைனி."

ஜெயசித்ரா கத்தியைக் கீழே வைத்தாள். "தொட்டி நெறைஞ்சத சொல்லத்தான உரிமையா உள்ள வருவேன்? சும்மா வந்தா நீ என்ன நெனைப்பியோன்னு இருந்துட்டேன். வத்தல் நனைஞ்சதுக்கு நான் சடைச்சுக்கிட்டேன்னு ஒம் மவன் நெனச்சுட்டானோன்னு வேற மனசுக்குச் சங்கடம்."

படபடவென்று சொன்னதில் மாரிசெல்விக்குப் பாதிதான் விளங்கியது.

"மெதுவாச் சொல்லுங்க மைனி."

ஜெயசித்ரா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னாள். இந்தத் தரம் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாரிசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் ஜெயசித்ராவின் கணவர் சுடலைராஜ் சாப்பிட வந்தபோது வெண்டைக்காய் பாதி நறுக்கியபடியே கிடந்தது, உலையும் வைத்திருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த இருவரையும் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மூன்று பொட்டலம் தயிர்சாதம் வாங்கி வந்தார்.