கதவில் வெட்டிய சிரிப்பு

என் நாத்தனாரிடம் பேசுகிறவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் ஒரு சங்கடம் வந்துவிடும். இவள் நம் கண்ணைப் பார்த்துப் பேசாமல் எதற்காக வாயையே பார்க்கிறாள் என்று உதட்டைத் துடைத்துக்கொள்வார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பாதி நாள் அப்படித் துடைத்தே கழிந்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் கடைவாய்ப் பல்லை.

அவள் தொழில் அது. ஒரு பல் டாக்டரின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவள். ஜன்னலோர மேசை, கழுத்து வளைந்த விளக்கு, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கத்திகள், மெழுகு, பிளாஸ்டரில் வார்த்த யார் யாருடையதோ ஈறுகள். சொந்தப் பல் எப்படி லேசாகக் கோணலாக இருந்ததோ, அதே கோணலோடு செய்து கொடுப்பாள். முன்னறையில் வந்தவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து முதன்முதலாகச் சிரிக்கும் சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சிரிப்பும், 'ரொம்ப நன்றி டாக்டர்' என்ற வார்த்தையும் டாக்டருக்குப் போய்விடும்.

டாக்டர் மேல் தப்பில்லை, நல்ல மனுஷன். தொழிலே அப்படிப்பட்டது. நல்ல சட்டை போட்டவர் யார் தைத்தது என்று பத்துப் பேரிடம் சொல்வார். நல்ல பல் போட்டவர் சொல்வாரா? சொன்னால் வாயில் இருப்பது பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே. அவள் செய்த பல்லால் தெருவே மென்று தின்றுகொண்டிருந்தது, எதிரில் அவளைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"உனக்குக் கோபமே வராதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரும் அண்ணி. ஒரே ஒரு வேலையாவது என் பேரோட நாலு பேர் பார்க்கிற இடத்துல இருக்கணும்னு தோணும். அப்புறம் அடுத்த செட்டு வந்துடும்."

ஒருமுறை அவள் கத்தி மழுங்கிப்போய், சாணைக்கல் கேட்கப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாள். அது ஓர் அச்சுப் பட்டறை. அங்கே ஒருவர் உள்ளங்கை அகலக் கட்டையில் ஒரு குருவியை வெட்டிக்கொண்டிருந்தாராம். வெள்ளையாக வர வேண்டியதை வெட்டி எடுத்துவிட வேண்டும், கறுப்பாக வர வேண்டியதை விட்டுவிட வேண்டும். பிறகு மேலே மை பூசிக் காகிதத்தை வைத்துத் தேய்த்தால் படம். போனவள் சாணைக்கல்லை மறந்தாள், கையில் ஒரு கட்டையோடு வந்து நின்றாள்.

அன்றோடு என் வீட்டின் சுத்தம் முடிந்தது. தலையணையில் மரத்தூள், உப்பு டப்பாவில் மரத்தூள், என் கொண்டையில் மரத்தூள். ஒரு தோல் பொதியின் மேல் கட்டையை வைத்து, வலதுகை உளியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, இடதுகையால் கட்டையைச் சுழற்றுவாள். கட்டை சுழலச் சுழல முடியைவிட மெல்லிய கோடு அதில் விழும். பக்கத்தில் யாராவது தும்மினால் முறைப்பாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வரப் பழகிக்கொண்டார்.

படங்கள் அழகுதான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எல்லாமே தீப்பெட்டி அளவு. பட்டறையில் சுவரில் மாட்டினால் ஆணிதான் பெரிதாகத் தெரிந்தது.

அந்த வருடம் பட்டறைக்காரர் ஒரு பெரிய திட்டம் போட்டார். ஆளுக்கு ஒரு கதவளவு பலகை வெட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை இருக்கிற எங்கள் தெருவை மறித்துப் பலகைகளைக் கிடத்தி, மை பூசி, துணி விரித்து, அதன்மேல் கம்பளி போட்டு, ரோடு போடுகிற ரோலரையே ஏற்றி அச்செடுப்பது. துணிகளை அவரவர் பெயரோடு பேருந்து நிலையத்தின் நீளச் சுவரில் தொங்கவிடுவது. ரோலர் அந்த ஒரு காலைக்குத்தான் கிடைக்கும்.

என் நாத்தனாரும் கை தூக்கியிருக்கிறாள். பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "உன் படத்தைப் பார்க்கவே எனக்கு லென்ஸ் வேணும். நீ எங்கம்மா கதவளவு வெட்டப் போற?"

"கதவுதானே? வெட்டறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் சாமான் அறைக் கதவின் முன்னால் போய் நின்றாள்.

"ஏய், அதைப் பார்க்காதே" என்றேன்.

"நல்ல வழவழன்னு இருக்கு அண்ணி."

"நான் வாங்கிப் போட்ட கதவு. உள்ள முழுக் கட்டை, யானை முட்டினாலும் அசையாது. எடுத்துக்கோ" என்றார் என் வீட்டுக்காரர். என் கதவைத் தானம் செய்ய அவர் யார்? ஆனால் தங்கை என்றால் மனுஷன் உருகிவிடுவார். அன்று மாலையே கதவு கீலிலிருந்து இறங்கியது. என் சாமான் அறைக்குப் பழைய போர்வை திரையானது.

கட்டையைச் சுழற்றிப் பழகியவளுக்குக் கதவைச் சுழற்ற முடியவில்லை. அதனால் தானே அதைச் சுற்றி முழங்காலில் தவழ்ந்தாள். விடுமுறை நாளெல்லாம் கூடத்தில் கதவு கிடக்கும், நாங்கள் சுவரோரமாகப் பூனைபோல நடப்போம். மற்றவர்கள் பட்டறையில் பெரிய உளியும் சுத்தியலுமாக ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இவள் தன் சின்ன உளிகளாலேயே, தோலை உரிப்பது போல மேலாக வெட்டினாள்.

என்ன வெட்டினாள் தெரியுமா? வாய்கள்! எங்கள் தெரு முழுக்கக் கதவில் கூடிநின்று வாய்விட்டுச் சிரித்தது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக, அதனதன் கோணலோடு. தடுப்புக்குப் பின்னால் இத்தனை வருடம் கேட்ட சிரிப்பையெல்லாம் வாரிக் கொட்டியிருந்தாள்.

"அடிப் பாவி, இதுல யாருக்கு யாருக்கு நீ பல் கட்டினேன்னு தெரிஞ்சுபோச்சுன்னா?"

"தெரியாது அண்ணி. சொந்தப் பல்லு இருக்கறவங்களையும் கலந்து வெட்டியிருக்கேன். நீங்ககூட இருக்கீங்க." மூலையில் காட்டினாள். நான் அவ்வளவு பெரிதாகவா சிரிக்கிறேன்? சிரிக்கிறேன் போலிருக்கிறது. அதற்குக் கீழே, அச்சில் நேராக வருவதற்காகக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பி வெட்டப்பட்டிருந்தது அவள் பெயர்.

அந்த ஞாயிறு காலை கதவைத் தூக்கிக்கொண்டு போனோம். நானும் அவளும் ஒருபக்கம், என் வீட்டுக்காரர் மறுபக்கம். "இவ்வளவு லேசா இருக்கே" என்று நான் சொன்னதற்கு, "நல்லாக் காய்ஞ்ச மரம், அதான்" என்றார். நானும் நம்பினேன். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் நம்பினேன் பாருங்கள்.

தெருவில் திருவிழாக் கூட்டம். ரோலர் ஒவ்வொரு பலகையாக ஏறி இறங்கியது. துணியைத் தூக்கும்போதெல்லாம் கைத்தட்டல். கப்பல், குதிரை, பெரிய மரம் எல்லாம் கரேலென்று வந்தன. எங்கள் முறை கடைசி. அவள் மை உருளையைப் பலதடவை ஓட்டி, பனி படிந்த மாதிரி மெல்லிசாக மை பூசினாள்.

ரோலர் ஓட்டுநர் இறங்கி வந்தார். ஆணி கீணி இருக்கிறதா என்று ஒவ்வொரு பலகையின் விளிம்பையும் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். எங்கள் கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு இரண்டே விரலால் ஒரு மூலையைத் தூக்கினார்.

"என்னக்கா இது, டப்பா மாதிரி சத்தம் போடுது?"

"முழுக் கட்டைங்க!" என்றார் என் வீட்டுக்காரர்.

ஓட்டுநர் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்த சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் காட்டினார். உள்ளே தேன்கூடு போல மடித்த காகித அட்டை. மேலும் கீழும் மெல்லிய ஒட்டுப்பலகை, அவ்வளவுதான். "இதுமேல வண்டியை ஏத்தினா தூள்தான் மிஞ்சும். மன்னிச்சுக்கோங்க அக்கா, என்னால முடியாது."

என் வீட்டுக்காரரை நான் பார்த்த பார்வையில் அவர் கூட்டத்துக்குள் கரைந்துபோனார்.

"கொஞ்சம் ஆழமா வெட்டியிருந்தா முதல் நாளே பொத்துக்கிட்டுத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் நாத்தனார், தனக்குத்தானே சொல்வதுபோல. பட்டறையில் வேறு யார் அந்தக் கதவை வெட்டியிருந்தாலும் முதல் சுத்தியலடியில் குட்டு உடைந்திருக்கும். இவளுடைய பஞ்சுக் கைதான் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பேருந்து நிலையச் சுவரில் அவளுக்கென்று விட்ட இடம் காலியாகக் கிடக்கப் போகிறது. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

"வீட்டுல சின்னப் படத்தையெல்லாம் எதுல தேய்க்கிற?" என்றேன்.

"உங்க மரக்கரண்டி முதுகுல."

என் கரண்டி அடிக்கடி காணாமல் போகும் காரணம் அப்போதுதான் தெரிந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "அப்ப இதையும் தேய்."

"அண்ணி, இது கதவு. ஒரு ஆள் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள வெயில்ல மை இறுகிடும்."

"ஒரு ஆள்னு யாருடி சொன்னது?"

எனக்குத் தொண்டை பெரிது. மாடியில் நின்று கூப்பிட்டால் அடுத்த தெருக் குழந்தையும் சாப்பிட வந்துவிடும். அந்தத் தொண்டையைத் திறந்தேன். "வீட்டுல மரக்கரண்டி வெச்சிருக்கிறவங்க எல்லாம் எடுத்துக்கிட்டு ஓடி வாங்க! படத்துல உங்க மூஞ்சி இருக்கு!"

வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! குழம்புக் கரண்டி, தோசைத் திருப்பி, அகப்பை, ஒருவர் அவசரத்தில் பூரிக்கட்டையோடு. பட்டறைக்காரர் துணியின் ஒரு தலைப்பைத் தானே வந்து பிடித்தார், ரோலர் ஓட்டுநர் இன்னொன்றை. துணி நகராமல் விரித்ததும் எல்லாரும் கதவைச் சுற்றி முழங்காலிட்டார்கள். என் நாத்தனார் எழுந்து நின்றாள். அவள் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

"அழுத்தாதீங்க! சின்னச் சின்ன வட்டமா! பூரிக்கட்டை வேண்டாம், அவரை வெளிய அனுப்புங்க!"

தேய்க்கத் தேய்க்கத் துணியின் முதுகில் கோடுகள் மங்கலாகக் கசிந்து தெரிந்தன. முதலில் பூக்கடைக்காரம்மா, "ஐயோ, இது நானு!" என்று கத்தினாள். அப்புறம் அவரவர் வாயை அவரவர் தேடிப்பிடித்துத் தேய்த்தார்கள். விறைப்பான தையல்காரர்கூட யாரிடமும் பேசாமல் குனிந்து, ஒரே இடத்தை அக்கறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னுடையதை நான் தேய்த்தேன்.

"போதும். தூக்குங்க" என்றாள்.

நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினோம். துணி காற்றில் உப்பித் திரும்பியது.

ஒரு கோடு விடாமல் வந்திருந்தது. கண்ணோரச் சுருக்கம், உதட்டு வெடிப்பு, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இழைபோல ஒரு வெளிச்சம். தெருவே எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. கைத்தட்டுவதற்குப் பதிலாகக் கரண்டிகளை ஒன்றோடொன்று அடித்தார்கள், காது கிழிந்தது. பட்டறைக்காரர் துணியின் கிட்டே போய்ப் பார்த்தார், எட்ட வந்து பார்த்தார். "ரோலர் ஏறியிருந்தா இந்தக் கோடெல்லாம் மையில மூழ்கிப் போயிருக்கும். நல்லவேளை கதவு காகிதமா இருந்துது" என்றார். கூட்டத்துக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் மெதுவாகத் தலையை நீட்டினார்.

பேருந்து நிலையச் சுவரில் நடுநாயகமாக அதைத் தொங்கவிட்டார்கள். பேருந்திலிருந்து இறங்கியவர்களெல்லாம் அதன் முன்னால் நின்றார்கள். பெட்டியைக் கையில் பிடித்த ஒரு வெளியூர்க்காரர், மூலையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "யாருங்க இவங்க? பல்லையெல்லாம் தத்ரூபமா வெட்டியிருக்காங்களே!" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தையல்காரர் முன்னால் வந்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, சிரிக்காத முகம். வாய்க்குள் கைவிட்டு மேல்செட்டைக் கழற்றி எல்லாரும் பார்க்க உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இதையும் அவதான் செஞ்சா!" என்றார். பல் இல்லாமல் வார்த்தை காற்றாக வந்தது, ஆனாலும் ஊருக்கே புரிந்தது.

பிறகு பூக்கடைக்காரம்மா தன்னுடையதைக் கழற்றினாள். "எனக்கும் அவதான்!" அவளுக்குப் பின்னால் ஒருவர், அப்புறம் இன்னொருவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களின் பல்லெல்லாம் வெயிலில் மினுமினுத்தன.

"கீழ போட்டுடாதீங்க, உடைஞ்சுடும்!" என்று பதறினாள் என் நாத்தனார். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிவிட்டது. சிரிப்புதான் ஜெயித்தது. வழக்கமாக வாயையே பார்க்கிறவள், அன்று ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு இருப்பதெல்லாம் சொந்தப் பல், கழற்ற வழியில்லை. அதனால் மை படிந்த கரண்டியை உயர்த்திப் பிடித்து, நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்: "என் நாத்தனார்!"