கொலருக்கு உள்ளே ஒரு பெயர்

பருத்தித்துறையில் உதயகலாவின் வீட்டு முன்னறைக்கு வரும் பெண்கள் எல்லோரும் ஒரே சாமான்களோடுதான் வருவார்கள். ஒரு சேலை, சட்டைத் துணி, அளவுக்கு ஒரு பழைய சட்டை. பழையதைக் காட்டி, "இதைப் போலவே" என்பார்கள். கலியாணம் செய்த நாளிலிருந்து உதயகலா 'இதைப் போலவே' தைத்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தைக் கொஞ்சம் இறக்கினாலும் சட்டை திரும்பி வந்துவிடும்.

கணவன் ஜெயதீபன் கட்டாரில் வேலை. வீட்டில் அவளும் மாமியார் குணலட்சுமியும்தான். சமையல், தையல், மறுபடி சமையல். நடுவில் கிடைக்கும் நேரத்தில் கைபேசியில் பழைய சினிமாப் பாட்டுகள் போடுவாள், பெரும்பாலும் சத்தத்தை நிறுத்திவிட்டு. அவள் பார்ப்பது உடுப்பை. எழுபதுகளின் கதாநாயகிகள் போட்ட அகலக் கொலர், முழங்கைவரை ஒட்டிப் பிறகு விரியும் கை, பொத்தானுக்குப் பதில் துணி சுற்றிய பெரிய தெறிகள். பிடித்த இடத்தில் படத்தை நிறுத்தி, கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து வைப்பாள்.

லண்டனிலிருந்து தன் கலியாணத்துக்காக வந்திருந்த வினோஜா, சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில் அந்தத் தாள்களைக் கண்டாள். ஒன்றை உருவி எடுத்து, ரிசப்ஷனுக்குச் சேலைக்கு மேலே போட இப்படி ஒரு ஜக்கெற் வேண்டும் என்றாள். இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும் குட்டி ஜக்கெற். யாரும் உதயகலாவிடம் அவள் வரைந்ததைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழைய படுக்கை விரிப்பொன்றில் முதலில் வெட்டிப் பார்த்தாள். சேலைத் தலைப்பின் மடிப்பு இடது தோளில் புடைத்துக்கொண்டு நின்றது. பிரித்தாள். இடது முன்பக்கத்தை வலதைவிட ஒரு விரல் அகலமாக வெட்டினாள். மடிப்பு அடங்கிவிட்டது. அதன் பிறகே கடுகு மஞ்சள் பட்டுத் துணியில் கத்தரியை வைத்தாள்.

குணலட்சுமி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொம்பிளை என்ன, தாலி கட்டினவுடனை குளிருக்கை நுவரெலியாவுக்கோ போறாள்?" என்றாள். உதயகலாவுக்கும் சிரிப்பு வந்தது. அன்று பின்னேரம் ஒரு கறுப்பு நாடாத் துண்டில் மஞ்சள் நூலால் 'உதயா' என்று தைத்து, கொலரின் உள்பக்கத்தில் பொருத்தினாள். கடை உடுப்புகளில் இருப்பதுபோல.

தெறிகள் மட்டும்தான் மிச்சம். அந்த நேரத்தில் ரொறன்ரோவில் ஜெயதீபனின் சித்தப்பா இறந்துபோனார்.

உதயகலா அந்த மனிதரைக் கண்டதே இல்லை. ஆனால் கணவனின் தகப்பனோடு கூடப் பிறந்தவர். ஆகவே வீட்டுக்குச் சாவுத் தொடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயிலுக்குப் போக முடியாது, நல்ல காரியத்துக்குப் போக முடியாது. குணலட்சுமி தையல் மெசினை ஒரு வெள்ளைத் துணியால் மூடினாள். கலியாண வீட்டுக்கு இங்கிருந்து ஒரு நூலும் போகக்கூடாது என்றாள்.

இணையத்தில் வந்த மரண அறிவித்தலில் ஜெயதீபன், உதயகலா என்று பெயர்களும் இருந்தன. வினோஜாவின் பெரியம்மா கமலாவதிதான் அந்தக் கலியாணத்தை முன்னின்று நடத்துபவள். அவள் அதைக் கண்டுவிட்டு அழைத்தாள். துக்கம் விசாரித்தாள். பிறகு, ஜக்கெற் வேண்டாம், யாழ்ப்பாணம் ரவுணில் வேறு ஒன்று தைக்கக் கொடுக்கிறோம் என்றாள். சாவுக்கு முன்னரே வெட்டித் தைத்ததென்று உதயகலா சொல்லிப் பார்த்தாள்.

"முந்தித் தைச்சதெண்டாலும் கிடக்கிறது உங்கடை வீட்டுக்குள்ளைதானே, பிள்ளை" என்றாள் கமலாவதி. குரலில் கோபமே இல்லை.

மாமி குளிக்கப் போன நேரங்களில் உதயகலா ஒவ்வொன்றாகத் தெறிகளைத் தைத்து முடித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்கு முதல் நாள், மாமி மத்தியான நித்திரையில் இருக்கும்போது, பின் படலையில் யாரோ தட்டினார்கள். வினோஜா. ஒழுங்கை முனையில் ஓட்டோ நின்றது. பொன்னுருக்கிவிட்டால் அவளும் கலியாணம் வரை வாசலைத் தாண்ட முடியாது.

"அக்கா, எனக்கு உங்கடை ஜக்கெற்தான் வேணும். ரவுணிலை தைச்சதெண்டு பெரியம்மாட்டைச் சொல்லுறன்."

"அறிஞ்சா?"

"நீங்கள் சொல்லாட்டி அறியமாட்டா. கலியாணத்துக்குப் பிறகும் சொல்லாதேங்கோ, அக்கா. நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தா, பிள்ளை தங்காட்டிக்கூட, உங்களைத்தான் சொல்லுவினம்."

உதயகலா உள்ளே போய் ஜக்கெற்றை எடுத்தாள். கொலரைத் திருப்பி, சின்னக் கத்தரியால் தையலை வெட்டி, பெயர் நாடாவை எடுத்தாள். பிறகு மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். படலையை அவளே சத்தமில்லாமல் சாத்தினாள்.

ரிசப்ஷன் படங்கள் பேஸ்புக்கில் வந்தன. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். கொலர் நின்ற விதம் சரி, தோள் சரி. யார் தைத்தது என்று கீழே பலர் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு ரெயிலர் என்று கமலாவதி பதில் போட்டிருந்தாள். எல்லோரையும் போல உதயகலாவும் ஒரு இதயத்தைப் போட்டாள்.

அந்தியேட்டி முடிந்தது. மெசின்மேல் கிடந்த துணியை எடுத்த கிழமையே கமலாவதி படியேறி வந்தாள். கையில் பச்சைப் பட்டுத் துணி, கைபேசியில் வினோஜாவின் படம். தன் மகளுக்கும் ஒன்று வேண்டுமாம். ரவுண் ரெயிலர் ஆரென்று கேட்டால் வினோஜா மறந்துபோச்சு என்கிறாளாம்.

"படத்தைப் பாத்துத் தைப்பியோ, உதயா? இதைப் போலவே."

தைப்பேன் என்றாள். இந்த முறை தொடக்கும் இல்லை, ஒளிப்பும் இல்லை. இடது முன்பக்கத்தை ஒரு விரல் அகலமாக வெட்டினாள். தையல் பெட்டிக்குள் கிடந்த அதே நாடாவைத் தேடி எடுத்து, கொலரின் உள்ளே பொருத்தினாள்.

எடுக்க வந்த கமலாவதி ஜக்கெற்றை வெளிச்சத்தில் பிடித்து, கைபேசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சாய் அதேதான் என்றாள். பிறகு கொலரைத் திருப்பினாள். நாடாவைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு செல்லச் சிரிப்பு வந்தது.

"ஆரோ யோசிச்சுத் தைச்சதுக்கு நீ உன்ரை பேரைப் போடலாமோ, பிள்ளை?"

மாமி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதயகலா வாயைத் திறந்தாள்.

"ஓம் அன்ரி, அது சரியில்லைத்தான்" என்றாள். "இருங்கோ, வெட்டித் தாறன்."

சின்னக் கத்தரி மேசையிலேயே கிடந்தது.