பால் டின்னும் என் சொற்பொழிவும்

அறியாமை வெறுங்கையோடு வருவதில்லை. அக்காவின் குழந்தைக்கு ஏழு வாரமாகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது பால் பவுடர் டின்னோடு பவானிபூரிலிருந்து ஆட்டோவில் டாலிகஞ்சுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது.

பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவைப் பார்க்க அவளுடைய மாமியாரும் மாமனாரும் வந்திருந்தார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது அக்காவின் தீர்மானம். குழந்தையின் எடை சரியாக ஏறுகிறது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் எடைக்கருவியைவிடத் தம் காதையே நம்பும் வம்சம் ஒன்று உண்டு. குழந்தை அழுதால் அவர்களுக்குப் பால் போதவில்லை. இன்னும் அழுதால் பாலே இல்லை.

எங்கள் வீட்டில் ஓர் அறையில்தான் ஏசி. புரட்டாசிப் புழுக்கத்தில் விருந்தினரை அங்கே உட்கார்த்தாவிட்டால் மரியாதைக் குறைவு. கட்டிலில் குழந்தையோடு அக்கா. எதிரே நாற்காலிகளில் சம்பந்திகள். மாடி வீட்டு வங்காளி மாசிமாவும் ஒரு கிண்ணத்தோடு வந்து சேர்ந்தாள்.

குழந்தை சிணுங்கியது.

“பால் போறலை, அதான் அழறது,” என்றாள் மாமியார், டின்னை மடியில் வைத்தபடி. “என் பிள்ளை பவுடர்லதான் வளர்ந்தான். என்ன கொறைஞ்சு போயிட்டான்?”

அத்திம்பேரிடம் குறைந்தவற்றை நான் பட்டியலிட்டிருக்க முடியும். சபை நாகரிகம் கருதி விட்டுவிட்டேன்.

“எக்டு மிஸ்ரீர் ஜோல் தாவ், மா,” என்று மாசிமா குழந்தைக்குக் கொஞ்சம் கொடுக்கச் சொல்லிக் கற்கண்டுத் தண்ணீரை நீட்டினாள்.

நான் எழுந்தேன். தாய்ப்பால் தடைபடுவது தாயாலா, சுற்றியிருப்பவர்களாலா என்ற பட்டிமன்றத்தில், சுற்றியிருப்பவர்களாலேயே என்று வாதாடி முந்தைய வாரம்தான் கோப்பை வாங்கியிருந்தேன். விடுவேனா? பிறந்த சிசுவின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் மூடத்தனத்தைக் கிழித்தேன். பிள்ளை பெற்றவளுக்கு விடுப்புத் தர மூக்கால் அழும் முதலாளிகளைச் சாடினேன். மாமியார் ஒன்று சொன்னால் நான் மூன்று சொன்னேன். “பேஷ், நன்னாப் பேசறான்,” என்று மாமனார் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். குழந்தையின் அழுகை ஏறியது. நானும் குரலை ஏற்றினேன். ஒலிபெருக்கி இல்லாத மேடைகளில் பழகியவன் நான்.

“பாத்தேளா, பால் இல்லேன்னு குழந்தையே சொல்றது!” மாமியார் டின் மூடியை நெம்பத் தொடங்கினாள். “யாராவது வெந்நீர் கொண்டு வாங்கோ.”

“டேய்,” என்றாள் அக்கா.

“ஒரு நிமிஷம்க்கா, முடிவுரைக்கு வந்துட்டேன்.”

“முக்கால் மணியா முடிச்சிண்டே இருக்கே. மாமாவையும் உன்னையும் எதிர்ல வெச்சிண்டு நான் எப்படிடா பால் குடுப்பேன்? எல்லாரையும் வெளில அழைச்சிண்டு போயேன்.”

சுற்றியிருப்பவர்களின் குற்றங்களை மேடையில் வரிசைப்படுத்தியவனுக்கு, அந்த வரிசையின் முதலிடத்திலேயே தான் நின்றுகொண்டிருப்பது தெரியவில்லை. இவ்வளவு உயர்ந்த முட்டாள்தனத்துக்கும் ஒரு கோப்பை தரலாம்.

“வாங்கோ மாமா, ஹால்ல காத்தாட உக்காரலாம்,” என்றேன். ஹாலில் காற்றே கிடையாது. எல்லோரும் வந்தார்கள், டின்னும் வந்தது. கதவைச் சாத்தினேன்.

சற்று நேரத்தில் உள்ளே அழுகை நின்றது. மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். காதை நம்புகிறவர்களால் மௌனத்தை எப்படி மறுக்க முடியும்?

“அழுது களைச்சுத் தூங்கிடுத்தோ என்னமோ,” என்றாள்.

அதற்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அது.

மூடி திறக்காத டின் மறுபடி ஆட்டோவில் ஏறிப் பவானிபூருக்குத் திரும்பிப் போயிற்று.