பெரியப்பா வைத்த சர்க்கரைத் தண்ணீர்

பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் யார் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ, அவர்களுடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்று எங்கள் குடும்பத்தில் நம்புகிறார்கள். பத்து மாதம் சுமந்தவளின் குணம் வராதா என்று கேட்கக் கூடாது. சரக்கு ஏற்றி வந்த லாரியின் குணம் சரக்குக்கு வருமா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். வாந்தி எடுத்தது, கால் வீங்கியது, வயிற்றைக் கீறி எடுத்தது எல்லாம் ஒரு பக்கம். வெளியே காத்திருந்து ஒரு விரலை நனைத்தவர் இன்னொரு பக்கம். குழந்தை விரல் பக்கம்தான் சாயுமாம்.

என் மகள் பிறந்தபோது அந்த விரல் என் கணவரின் அண்ணனுடையது. வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவரைப் பெரியப்பா என்பதால் நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். பெரியப்பா பிரான்சில் இருக்கிறார். எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் ஒரு பிள்ளை சோற்றை மீதி வைத்தாலும், கணக்கில் மார்க் குறைந்தாலும், காலையில் எழுந்திருக்க மறுத்தாலும் உடனே அவர் கதையை எடுத்துவிடுவார்கள். பெரியப்பா எப்படி முன்னுக்கு வந்தார் தெரியுமா? பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். வீட்டில் கரண்ட் இல்லாததால் கடற்கரைச் சாலை விளக்கில் படித்தார். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டார். யார் தயவும் இல்லாமல் தன் உழைப்பால் பிளேன் ஏறினார்.

அந்தக் கதையில் பெரியம்மா மட்டும் இல்லை. பெரியம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்பார்களே, அவர்களில் ஒருவர். அதனால் பெரியம்மாவுக்குப் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை. அவரைக் கட்டிக்கொண்டதால் பெரியப்பாவுக்கும் கிடைத்தது. எந்த விளக்கில் படித்திருந்தாலும் அவரைப் பிளேன் ஏற்றியது தாலிதான், அதுவும் அவர் கட்டிய தாலி. ஒரு முறை அரிசி களைந்துகொண்டிருந்த பெரியம்மாவிடம் இதைக் கேட்டே விட்டேன்.

"அவரு என் முந்தானையப் புடிச்சிக்கினுதான் பாரீசுல போய் எறங்கினாரு. சொன்னா கோச்சிக்குவாரு, வுடு" என்று சொல்லிவிட்டு, களைந்த தண்ணீரைக் கொட்டப் போய்விட்டார்.

என் மகள் பிறந்த சமயம் பெரியப்பா ஊருக்கு வந்திருந்தார். லீவு என்று அவர் சொல்ல மாட்டார், வக்கான்ஸ் என்பார். லீவில் வருகிறவன் ஊர்க்காரன், வக்கான்ஸில் வருகிறவர் பெரியப்பா. குழந்தைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் அப்போதே சத்தம் போட்டாள். என் கணவர் அவளிடம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று விலாவாரியாக விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. எனக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. மூக்கில் சென்ட் வாசனை ஏறியது. கண்ணைத் திறந்தபோது கல் வைத்த மோதிரத்தோடு ஒரு விரல் என் குழந்தையின் வாயிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் முகத்தை நான் பார்ப்பதற்கு முன்பே அவள் பெரியப்பா மாதிரி ஆகிவிட்டாள்.

அன்றைக்கே என் மகளைப் பாகம் பிரித்துவிட்டார்கள். நல்லதெல்லாம் பெரியப்பாவுக்கு, மீதி எனக்கு. சீக்கிரம் நடந்தாள், அது பெரியப்பாவின் சுறுசுறுப்பு. பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்தாள், அது அம்மா புத்தி. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பாட்டை நன்றாக ஒப்பித்தாள், அதைக் கேட்கவே வேண்டாம். டீச்சரை எதிர்த்துப் பேசினாள் என்று கூப்பிட்டு அனுப்பினால் மட்டும், "போ, ஒன் பொண்ணுதான, நீயே போய்ட்டு வா" என்பார் என் கணவர்.

பத்தாம் வகுப்பில் அவள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அந்த வருஷம் முழுவதும் நேரு வீதித் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை பிரித்துக் காட்டிவிட்டு, அப்படியே ஸ்கூட்டியைத் திருப்பி அவளை லாஸ்பேட்டைக்கு டியூஷன் கொண்டு போய் விட்டவள் நான். மழையில் இரண்டு பேருமாக வழுக்கி விழுந்த தழும்பு என் முழங்காலில் இன்றும் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் என் கணவர் முதல் போன் பிரான்சுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் பெரியப்பாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"என் கைடா அது. சும்மாவா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். கைக்கு ராசி உண்டு, ஸ்கூட்டிக்குக் கிடையாது, அதற்குப் பெட்ரோல் மட்டும்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று நாகரிகமாகச் சொல்கிறேன், உண்மையில் வயிறு எரிந்தது. "அப்ப நான் யாருங்க இந்த வீட்ல?" என்று அன்று கணவரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் புரியாமல், "இன்னா கேள்வி இது, நீதான அம்மா" என்றார். வாட்ச்மேனைப் பார்த்து நீதானே வாட்ச்மேன் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

மகள் நர்ஸ் படிப்பு முடித்துக் கோரிமேட்டுப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தாள். சேவை மனப்பான்மை, அதுவும் பெரியப்பா விரலில் இருந்து வந்ததுதான் என்றார்கள். பெரியப்பா அங்கே எதிர் வீட்டுக்காரருக்குக் கதவைக்கூடத் திறக்க மாட்டார் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார், ஆனால் அதை யார் கேட்டார்கள்? அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே மகள் விஷயத்தைச் சொன்னாள். கனகசெட்டிக்குளத்தில் ஒரு பையன். அப்பா கடலுக்குப் போகிறவர். பையன் படகு இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கட்டினால் அவனைத்தான் கட்டுவாள்.

வீடு இழவு வீடு மாதிரி ஆனது. அதே மீன் குழம்பைத்தான் எல்லோரும் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தோம். மீன் வேண்டும், பிடிக்கிற வீட்டுச் சம்பந்தம் வேண்டாம். கடைசியில், அவர் சொன்னால் கேட்பாள், அவர் வைத்த தண்ணீர் அல்லவா என்று பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். அவர் எப்போதும் போனை முகத்துக்கு மிக அருகில் பிடிப்பார். எங்களுக்கு மூக்கு மட்டும் தெரிந்தது. மூக்கு விஷயம் முழுவதையும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"உண்மையச் சொல்லணும்னா, அன்னிக்கி நான் வெச்சப்ப கொழந்த துப்பிடுச்சி."

என் கணவருக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. "ஆமா ஆமா, துப்புன மாதிரிதான் இருந்துது" என்றார். பாத்ரூம் விசாரித்துக்கொண்டிருந்தவர் அதை எப்போது பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் மகள் முழுசாக என் கைக்கு வந்தாள். அவமானப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெண்தான் என்றால் என் பேச்சுப்படிதான் என்று சொல்லி, நானே முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தினேன். பெரியப்பா வரவில்லை. ரிட்டையர் ஆகிப் பல வருஷமான மனிதருக்கு வக்கான்ஸ் கிடைக்கவில்லையாம்.

மாப்பிள்ளையின் கடை நன்றாக ஓடியது. அடுத்த முறை பெரியப்பா வந்தபோது கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம் கொடுத்தனுப்பினார். பெரியப்பா வறுத்த துண்டை மேலும் மேலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டே, "தைரியமான பொண்ணு. நானும் அந்தக் காலத்துல யாரையும் கேக்காம முடிவு எடுத்தவந்தான்" என்றார். துப்பியது அத்தனையும் ஒரு வஞ்சிரத்தோடு மறுபடி உள்ளே போய்விட்டது. என் பெண் என் கையை விட்டுப் போனாள்.

அவள் கர்ப்பமானதும் பழைய பேச்சு தொடங்கியது. மூத்த குழந்தை, பெரியப்பாதான் வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில். சம்பந்தியம்மாவுக்கோ தன் அண்ணன் வைக்க வேண்டும். படகு கவிழ்ந்து, ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து, காலையில் தானே நீந்திக் கரை வந்தவர் அவர். அங்கே சோறு மீதி வைக்கிற பிள்ளைகளுக்கு அவர் கதையைத்தான் சொல்லி ஊட்டுகிறார்களாம். வளைகாப்பு அன்று, நிறை வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி என் மகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டுந்தான். ஒரு சொட்டு தண்ணி கூட கெடையாது. யாரா இருந்தாலும் சரி."

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

சென்ற ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் பெரியப்பா, சந்தன நிறப் பேன்ட், அதே சென்ட், அதே மோதிரம். மறு முனையில் கடலை நீந்தியவர், புது வேட்டி. அவரவர் பக்கத்தில் அவரவர் வெள்ளிக் கிண்ணம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், கிண்ணத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சின் கால் வழியாக எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மட்டும்தான் இரண்டு குணமும் பிடித்திருந்தது. பெரியம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே ஒருவர்தான் போகலாம் என்றார்கள். நான் போனேன். போகும்போது பெரியப்பா, "கொழந்த முழிச்சிருந்தா ஒரு குரல் குடும்மா" என்றார்.

மகள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை மாதிரி குழந்தை, சின்ன நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தூங்கியது. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே இருந்த பெஞ்சையும் கிண்ணங்களையும் எறும்புகளையும் விவரித்தேன். கடல்காரர் ஜெயித்தால் குழந்தைக்கு நீச்சல் வரும், பெரியப்பா ஜெயித்தால் சென்ட் செலவு என்றேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் மடியைப் பார்த்து நிறுத்தினாள்.

"ம்மா. ஒம் பையில இன்னா?"

"ஒண்ணும் இல்லியே."

"எறும்பு வருது."

குனிந்து பார்த்தேன். ஜிப் வழியாக எறும்புகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. மகள் கையை நீட்டினாள். நர்ஸ் கை, அதனிடம் மறைக்க முடியாது. பையைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தேன். குங்குமத்தைக் கழுவிவிட்டுக் காலையில் நான் கரைத்து ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் அதில் பாதிக்கு இருந்தது.

"நீயுமா?" என்றாள்.

இந்தக் குடும்பத்தையே இவ்வளவு நேரம் கிண்டல் செய்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. "ஒன்னத்தான் எங்கிட்டேந்து புடுங்கிக்கினாங்க. நீ நடந்தாலும் அவரு, நீ படிச்சாலும் அவரு. இவளாவது என்ன மாதிரி இருக்கட்டுமேன்னுதான்..." என்றேன்.

மகள் சிமிழை மூடி என் பையிலேயே திரும்பப் போட்டாள்.

"எனக்கு நீயா வெச்ச? அவருதான வெச்சாரு? அப்புறம் ஏன் நான் வாயத் தொறந்தாலே ஊர்ல இருக்கறவங்கல்லாம், அப்படியே அம்மா வாயின்னு திட்டறாங்க?"

எறும்புகளைத் தட்டிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டது. விழித்ததும் அழுதது, அழுகை என்று சொன்னால் போதாது, மொத்த வார்டையும் கூப்பிட்டு நியாயம் கேட்டது. மகள் மெதுவாகத் திரும்பி அவளை எடுத்து மார்போடு அணைத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

பெஞ்சில் இரண்டு பெரிய மனிதர்களும் கிண்ணத்தோடு எழுந்து நின்றிருந்தார்கள். பெரியப்பாவின் முகம் கறுத்திருந்தது.

"இன்னா இப்பிடிக் கத்துது! அதுக்குள்ள யாரு வெச்சது?"

"யாரும் வெக்கல மாமா" என்றேன். "ஒக்காருங்க. பால் குடிக்கிறா."

சுவரோரம் நின்ற பெரியம்மா அப்போதுதான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.