என் மகளைத் தொடாத இரண்டு வருஷம்

பெயர் என்னவோ அழகுதான், படர்தாமரை. தோல் வட்டம் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுவில் வெளுத்துப் பரவும். அரிப்பு எடுத்தால் மானம் மரியாதை பார்க்காது. எனக்கு அது சிறையில் வந்தது. அழுக்குப் போர்வைகளை எல்லோரும் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டோம், அதில் வந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. எங்களுக்கும் விடிந்துவிட்டது என்று நம்பிக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டோம். மிராசுதாரர்கள் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். நாங்கள் வரப்பில் மறித்து நின்றோம். போலீஸ் வண்டியில் ஏற்றியபோது என் மனைவிக்கு ஏழாம் மாதம். கூலி ஒரு காரணம்தான். பண்ணை வீட்டில் தண்ணீர் கேட்டால், கையைக் குவிக்கச் சொல்லி எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். துளி தெறித்தால் அவர்கள் ஒதுங்குவார்கள். எனக்கு அந்தக் கோபம்தான் பெரிது.

ஆவணியில் விட்டார்கள். மகள் பிறந்து ஐந்து மாதமாகியிருந்தது. மனைவி வாசலுக்கே ஓடிவந்து குழந்தையை நீட்டினாள். நானும் கையை நீட்டினேன். முழங்கை வரைக்கும் வட்டங்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாளே கூத்தாநல்லூர் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நல்ல மனுஷர். "இது பூஞ்சக்காளான்ங்க. ஆறு வாரம் களிம்பு போடுங்க. ஒடம்ப ஈரமில்லாம வச்சுக்குங்க. ஆறுற வரைக்கும் கொழந்தய மேல போட்டுக்காதீங்க" என்றார். ஈரமில்லாமல்! காவிரித் தண்ணீர் வாய்க்காலில் புரண்டு ஓடுகிற மாதத்தில், நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்றுப் பறிக்கிறவனிடம் சொல்கிறார். பறிக்காவிட்டால் வீட்டில் உலை ஏறாது. களிம்பு எரியும், கொஞ்சம் வாடும், கோவணம் நனைந்ததும் மறுபடி பூக்கும். ஆறு வாரம் இரண்டு வருஷமாக நீண்டது.

மேலே போட்டுக்கொள்ளாதே என்றுதான் அவர் சொன்னார். நான் அதைப் பெரிய சட்டமாக்கினேன். எனக்குத் தனிப் பாய், தனிக் குவளை, தனி மூலை. குழந்தை தவழ்ந்து என் பக்கம் வந்தால், "தொடாத!" என்று கத்துவேன். ஒருநாள் சத்தமில்லாமல் வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்து அதன் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான். ஆனாலும் தட்டினேன்.

மனைவிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பண்ணையில நம்மள நிறுத்துற மாதிரியில்ல நிறுத்துறீங்க, பெத்த புள்ளைய?"

"அவ ஒடம்பு பூராவும் வரணுமா? பொட்டப் புள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று நானும் எரிந்து விழுந்தேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

குழந்தை கற்றுக்கொண்டது. நடக்கத் தொடங்கியதும், நான் வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தால் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கும். பார்த்தவர்கள், "எவ்வளவு சூட்டிகை!" என்று சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புத்தி கெட்டவன்.

பிறகு அந்த டாக்டரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தோல் முழுசாகத் தெளிந்த அன்று நல்ல வெயில். வாய்க்காலில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். "வா கண்ணு, அப்பாவுக்குச் சரியாப் போச்சு."

அவள் என் கைகளைப் பார்த்தாள். "தொடாத" என்றாள். என் குரலில், என் மிரட்டலோடு சொன்னாள். வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுதேன். எட்ட நிறுத்துகிறவர்களோடு சண்டை போட்டு ஜெயிலுக்குப் போனவன், என் மகளுக்கு அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் படித்தாள், வாத்தியார் வேலைக்குப் போனாள், தஞ்சாவூரில் வீடு கட்டினாள். பாசத்துக்குக் குறைவே இல்லை. மருந்து சாப்பிடவில்லை என்றால் போனிலேயே என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். கல்யாணத்தன்று என் முன்னால் விழுந்து கும்பிட்டாள். என் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் அதை அடக்கம் என்றார்கள். சின்ன வயதில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. மனைவியும் நானும் சொன்னதில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன கார்த்திகையில் கொல்லையில் வழுக்கி விழுந்தேன். அன்று மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். "அப்பா!" என்று அலறிக்கொண்டு அவள்தான் முதலில் ஓடிவந்தாள். பக்கத்தில் வந்தவள் சடாரென்று நின்றாள். குனிந்தாள், கையை நீட்டினாள். கை என்மேல் படவில்லை. "என்னங்க, சீக்கிரம் வாங்க, அப்பாவத் தூக்குங்க" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். மாப்பிள்ளை வந்து தூக்கி உட்கார வைத்தார்.

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "எனக்கு ஏன் இப்படி ஆவுதுன்னு தெரியலப்பா" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"நல்லதாப் போச்சும்மா" என்றேன். "ஒடம்பெல்லாம் சேறு. ஒம் பொடவ பாழாயிருக்கும்."