பாட்டை எடுத்தால் குரல் வருமா?

இந்த நேரத்தில் நம் ஊர்க் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

இன்று எங்கள் வீடியோ கடைக்குத் தாயில்பட்டி அக்கா ஒருவர் வந்தார். பட்டாசு ஆலை விபத்தில் கணவரை இழந்தவர். அவர் மகளின் காதுகுத்தை வீடியோ எடுத்தது நாங்கள்தான்.

“அதுல அவுக மகளைக் கொஞ்சுறாக. வாய் அசையுது, பாட்டுத்தான் கேக்குது. பாட்டை மட்டும் எடுத்துருங்க தாயி. பிள்ளை அப்பா குரலைக் கேக்கணும்ங்கிறா.”

பேச்சை நீக்கிவிட்டுப் பாட்டுப் போடுவதுதான் எங்கள் வழக்கம். அந்த வீடியோவை இங்கே போட்டபோது, எடிட்டிங் சூப்பர் என்று எல்லோரும் பாராட்டினீர்கள். முதலில் எடுத்த பதிவும் இப்போது இல்லை.

“குரல் இல்லக்கா.”

“பாட்டுக்கு அடியில கெடக்கும். நல்லாத் தேடிப் பாருங்க.”

தேடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன ஆவணியில் ஆமத்தூர் கோயிலில் நடந்த அந்தக் காதுகுத்தை யாராவது போனில் எடுத்திருந்தால், தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.